பாதியில் நின்ற காணிக்கைப் பவனி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, திருமங்கலத்தில் எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவன் நான். பாடுகிறவர்களின் வேகத்தை மைக் வழியாகக் கேட்டு, அதற்கேற்பத் தானே இசை வாசிக்கும் ஒரு புரோகிராம் எழுதி லேப்டாப்பில் வைத்திருந்தேன். அதை எல்லோருக்கும் காட்டிவிட வேண்டுமென்று ஒரே துடிப்பு. பத்து வருடமாக எங்களுக்குக் கீபோர்டு வாசிக்கும் சபைச் சகோதரி ஒருவரிடம், "இந்தத் தடவை நீ உக்காந்து கேளும்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

பாடகர் குழுவோடு ஒத்திகை கச்சிதமாகவே நடந்தது. பண்டிகைக் காலையில் பவனி தொடங்கியது. பூசணிக்காய், வாழைத்தார், நெல் மூட்டை, கால் கட்டிய சேவல் என்று விளைந்ததையும் வளர்த்ததையும் சுமந்துகொண்டு, பாட்டின் வேகத்துக்கே கால் எடுத்துவைத்து எல்லோரும் பீடத்துக்கு நடப்பார்கள்.

எங்கள் சபையில் ஒவ்வொரு வரியின் முடிவையும் இழுத்துத்தான் பாடுவார்கள். கீபோர்டு அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தால்தான் நகருவார்கள். பிறந்ததிலிருந்து நானும் இழுத்தவன்தான்; புரோகிராம் எழுதும்போது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. சபை இழுக்க, பாடகர் குழுவும் சேர்ந்து இழுக்க, லேப்டாப் அவர்களுக்காகக் காத்திருந்தது. அது காத்திருக்க, அவர்கள் இன்னும் இழுத்தார்கள். இரண்டாம் சரணத்தில் பவனியே நின்றுவிட்டது. பூசணிக்காய் சுமந்துவந்த என் பெரியம்மா நடுவழியில், "எம்புட்டு நேரம்யா சுமக்குறது?" என்று கேட்டேவிட்டார். நிறுத்தினால் என் மானம் போகும், நிறுத்தாவிட்டால் பண்டிகையே கெடும்.

அப்போது அந்தச் சகோதரி எழுந்து வந்தார். லேப்டாப்பை மூடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "மைக்கக் குடுங்கண்ணே" என்று வாங்கி வாயருகே பிடித்து, வரி முடியும் முன்பே அடுத்த வரியை எடுத்துப் பாடினார். லேப்டாப்புக்கு இப்போது அவர் குரல் மட்டுமே கேட்டது. அது அவர் குரலின் பின்னால் போனது. இசையின் பின்னால் சபை போனது. பெரியம்மா நடந்தார்.

ஆராதனை முடிந்ததும் ஆயர், "கம்ப்யூட்டர் பிரமாதம்!" என்று என் கையைக் குலுக்கினார். நான் அந்தச் சகோதரியைக் கைகாட்டினேன்.

பிறகு அவரிடம் போய், "மூடிப்போட்டிருக்கலாமேம்மா" என்றேன்.

"எதுக்குண்ணே? அது நல்லாத்தான வாசிக்குது. முன்னால போக ஒரு ஆள் வேணும், அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டார்.

நான் சொன்னபடியே அவர் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம், அதற்கு எல்லா நியாயமும் இருந்தது. எழுந்து வந்தாரே என்று நினைக்கும்போது இன்றும் எனக்குத் தலை தாழ்கிறது.