பூஜை நாளில் கழுவாத மெம்பரேன்

அந்தப் பக்கத்தைக் கிழித்தது நீங்கள்தான், மேனேஜர் சார்.

தொண்ணூறுகளின் கடைசியில் பம்மலில் ஒரு பாட்டில் தண்ணீர்க் கம்பெனியில் நான் ஆபரேட்டர். நீங்கள் எனக்கு மேனேஜர். எங்கள் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஓடு கட்டும். அந்தத் தண்ணீரைத்தான் பம்பு அழுத்தி, மெம்பரேன் என்கிற வடிகட்டிச் சுருளுக்குள் தள்ளும். நல்ல தண்ணீர் ஒரு பக்கம் வரும். உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர் இன்னொரு பக்கம் கழிவாகப் போகும். உப்பு உள்ளே ஒட்டாமலிருக்க ஒரு மருந்து சொட்டுச் சொட்டாகக் கலப்போம். தண்ணீர் ஓடும்வரைதான் மருந்துக்கு மதிப்பு. தேங்கி நின்றால் அது அதிக நேரம் தாங்காது. அதனால் நிறுத்துவதற்கு முன் பத்து நிமிஷம் நல்ல தண்ணீரை விட்டு உள்ளே கழுவ வேண்டும். இது பெரிய படிப்பு இல்லை. சாப்பிட்ட தட்டைக் காயவிடாமல் கழுவுகிற புத்திதான்.

அந்த ஆயுத பூஜை அன்று லாரி லோடுக்காக மதியம் வரை மெஷினை ஓட்டச் சொன்னீர்கள். ஐயர் வந்ததும் நீங்களே மெயின் சுவிட்சை இறக்கினீர்கள். பேனலுக்கும் பம்புக்கும் சந்தனம், குங்குமம். நான் எழுதுகிற ரெஜிஸ்டரும் சரஸ்வதி படத்தின் முன் போனது. கற்பூரம் காட்டி முடித்ததும் கேட்டேன்.

"சார், திரும்பப் போட்டு பத்து நிமிஷம் கழுவிட்டு நிறுத்திடறேன்."

"பூஜை ஆயிடுச்சுப்பா. இனிமே யாரும் கை வைக்கக் கூடாது."

"உள்ளே உப்புத் தண்ணி நிக்குது சார். லீவு மூணு நாள்."

"சரஸ்வதியே ரெஸ்ட் எடுக்கறா, உன் பம்புக்கு என்ன அவசரம்? பொரி வாங்கிட்டுக் கிளம்பு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நீங்கள் அந்தப் பக்கம் போனதும் பூஜையில் வைத்த ரெஜிஸ்டரை எடுத்தேன். அன்று கலந்த மருந்தின் அளவை எழுதினேன். அதன் கீழே, 'கழுவாமல் நிறுத்தப்பட்டது, மேனேஜர் உத்தரவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

லீவு முடிந்து மெஷினைப் போட்டால் அழுத்த முள் மேலே ஏறுகிறது, நல்ல தண்ணீர் நூலாக வருகிறது. ஆசிட் தண்ணீர் விட்டுக் கழுவினோம். பாதிகூடத் திரும்பவில்லை. ஃபிட்டர் குழாயைக் கழற்றி ஒரு மெம்பரேனை வெளியே இழுத்தான்.

"இன்னாண்ணா இது, சுண்ணாம்பு அடிச்ச மாரி கீது!"

அதைச் சுரண்டி ஒரு சொட்டு ஆசிட் விட்டேன். சோடா போலப் பொங்கியது; பாத்திரத்தில் கட்டுகிற அதே ஓடு.

முதலாளி வந்தார். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்: "மருந்து ஊத்தாம தூங்கியிருக்கான் சார்."

"ரெஜிஸ்டரைப் பாருங்க சார், எல்லாம் எழுதியிருக்கேன்" என்றேன். கொண்டுவந்து பிரித்தார்கள். அன்றைய பக்கம் இல்லை. தையலோரம் ஒரு கிழிசல் மட்டும் நின்றது.

அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். வேலை போனதுகூடப் பெரிதில்லை. தாம்பரம், குரோம்பேட்டை என்று எந்தத் தண்ணீர்க் கம்பெனி கேட்டுக்குப் போனாலும், "மெம்பரேனை அடைச்சவன் நீதானே?" என்றார்கள். எனக்குத் தெரிந்த ஒரே தொழிலில் என் பெயரே எனக்குப் பூட்டாகிவிட்டது.

ஒரு நாள் பம்மல் பஸ் ஸ்டாப்பில் ஃபிட்டர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தான். "லீவுல மேனேஜர் வந்து ரெஜிஸ்டரை ரூமுக்கு எடுத்துகினு போனாருண்ணா. நான் பாத்தேன். சொன்னா என் வேலை பூடும்." அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் அந்தக் கம்பெனியை விட்டுப் போகும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.

நீங்கள் இன்று உங்கள் காலனிச் சங்கத் தலைவர். அதே மெம்பரேன் உள்ள வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் மெஷினைப் பற்றிக் கூட்டத்தில் பேசுகிறீர்கள். "ஊருக்குப் போகும் முன் மெஷினைக் கழுவிவிட்டு நிறுத்துங்கள், உப்பு படிந்துவிடும்" என்று நீங்கள் மைக்கில் சொன்னதை வெளியே ரோட்டில் நின்று கேட்டேன். அந்தப் பாடம் உங்களுக்கு எந்த மெம்பரேனில் கிடைத்தது?

சந்தனம் வைத்த புத்தகத்தில் எழுதியது பாவமென்றால் அது என் தலையில் இருக்கட்டும். அதைக் கிழித்தது என்ன கணக்கு?

அடுத்த கூட்டத்தில் நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். மைக் உங்கள் கையில்தான் இருக்கும். அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது, அதைக் கிழித்தது யார்? உங்கள் காலனி முழுக்கக் கேட்கும்படி பதில் சொல்லுங்கள், சார்.