மரத்தின் மூச்சுக்கும் ஓர் அளவு

அனிபா சார் காலமாகிவிட்டார் என்று அவர் மகன் போனில் சொன்னபோது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணீருக்கு யாரும் காரணம் கேட்கவில்லை. அவரோடு வேலை பார்த்த நீங்களும் இந்நேரம் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

எண்பதுகளில் காற்று மாசுச் சட்டம் புதிது. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அவர் பொறியாளர், நான் அவருக்குக் கீழே இளநிலைப் பொறியாளர். பாகூர்ப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் நீர்மருதும் நாவலும் இலை கருகி நின்றன. கூடு கட்ட வந்த நாரைகள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. காற்று வரும் திசையில் பழனியின் செங்கல் சூளை. கருவியோடு போனோம். காற்றை வடிகட்டிய தாள் வெள்ளையாகவே இருந்தது. மறுமுறையும் அப்படியே. விசாரித்தால், நாங்கள் வருகிறோம் என்று சூளை மூட்டுவதையே பழனி தள்ளிப்போட்டிருக்கிறார். ஏமாற்றுவதற்காக அல்ல.

“பெரியவங்க வர்ற அன்னைக்குப் புகைய வுட்டா மரியாதையா சார்?” என்று கேட்டு மோர் கொடுத்தார்.

சார் மோரை ரசித்துக் குடித்தார். “மரியாதை மோரோட போதும்பா. அடுத்த வாட்டி எப்பவும் போல எரி.”

பழனி எரித்தார். தாள் கறுத்தது. ஆனாலும் அளவு குடியிருப்புகளுக்கான வரம்புக்குள்தான் இருந்தது. கோப்பை மூடச் சொன்னார் மேலதிகாரி.

“மனுசனுக்கு மூச்சு முட்டுனா எழுந்து போயிடுவான். மரம் எங்க சார் போவும்?” என்றார் அனிபா சார். எளிதில் பாதிக்கப்படும் இடங்களுக்கென்று சட்டத்தில் இன்னும் கடுமையான வரம்பு ஒன்று உண்டு. அது ஏரிக்கரைக்கும் பொருந்தும் என்று பல மாதம் அலைந்து ஒப்புக்கொள்ள வைத்தார். அந்த வரம்புப்படி சூளை அங்கே எரியக் கூடாது.

“கொக்குக்காக எங்க வவுத்துல அடிக்கிறீங்களே” என்று பழனி அலுவலகத்துக்கே வந்து கத்தினார். பழனி போனதும் சார் என்னிடம், “நிறுத்தச் சொல்றதுக்கு முன்னாடி, செங்கல் அறுக்கறவங்க வூட்ல அடுப்பு எரியுமான்னு பாக்கணும்மா” என்றார். புகை ஏரிப்பக்கம் திரும்பாத ஒரு தரிசு நிலத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்த பிறகுதான் உத்தரவில் கையெழுத்திட்டார். தாமதத்தால் ஒரு பருவம் நாரைகளே வரவில்லை. நன்றாகத் திட்டு வாங்கினார். எனக்கும் அவர்மேல் கோபம்தான். சூளை இடம் மாறி இரண்டு மழை கண்டபின் மருதுகள் துளிர்த்தன. கூடுகளும் வந்தன. அன்று சார் எங்கள் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

துக்கம் கேட்கப் போனபோது சுல்தான்பேட்டையில் சார் வீட்டு வாசலில் பழனியைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது.

“எடத்த வுட்டு எழுப்புனாரும்மா. ஒரு நாள்கூட பட்டினி போடல” என்றார்.

இப்போது உத்தரவுகளில் கையெழுத்திடுவது நான். மாற்று வழியை முதலில் எழுதிவிட்டுத்தான் தடையை எழுதுகிறேன். அந்த வரிசை அனிபா சாருடையது. நான் இருக்கும்வரை அதை மாற்றப்போவதில்லை.