டார்க்கஸ் சொல்லிவிட்ட பெயர்

டார்க்கஸ் செத்துப்போனாள் என்றுதான் மேரிலாந்தில் அவளை அடிமையாக வைத்திருந்த எஜமான் நம்பிக்கொண்டிருந்தான். நம்பவைத்தவள் அவளேதான். சால்வையை ஓடைக்கரையில் போட்டுவிட்டு, சிப்பி பிடிக்கிற லெமுவேலின் படகில் சாக்குகளுக்கு அடியில் படுத்து வடக்கே வந்துவிட்டாள். படகில் ஒருத்தி ஒளியத்தான் இடமிருந்தது. ஒன்பது வயது மகள் லெட்டி அங்கேயே நின்றுவிட்டாள்.

ஓடிப்போனவளின் பிள்ளையை எந்த எஜமானும் வைத்திருக்க மாட்டான். அதுவும் ஓடுவதற்குள் தெற்கே விற்றுத் தொலைப்பான். தண்ணீரில் முழுகிச் செத்தவளின் பிள்ளை என்றால் சமையல்கட்டில் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவான். வசந்தத்தில் லெமுவேல் மறுபடி போய் லெட்டியைக் கொண்டுவருவதாகப் பேச்சு. அதுவரை டார்க்கஸ் செத்தவளாகவே இருக்க வேண்டும்.

வடக்கே நியூ பெட்போர்டில் நானும் அவளும் ஒரே கொல்லையில் துணி வெளுத்தோம். நானும் வர்ஜீனியாவிலிருந்து தப்பி வந்தவள்தான். திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்களின் சட்டை எப்படி நாறும் என்பது எங்கள் மூக்குக்குத்தான் தெரியும். அந்த நாற்றத்திலும் டார்க்கஸ் சிரிப்பாள். "இதுக்குக் கூலி என் கைக்கு வருதுடி கெசையா, நாறட்டும்" என்பாள்.

அடிமை ஒழிப்புச் சங்கத்து ஆம்ஸ்டன் அம்மாளும் எங்களிடம்தான் துணி போட்டாள். நல்லவள்தான், பொய் சொல்லக்கூடாது. அடிமைகள் விளைவித்த சர்க்கரை வேண்டாமென்று டீயைக் கசக்கக் கசக்கக் குடிப்பாள். பருத்தியும் உடுத்த மாட்டாள், லினன்தான். அந்த லினனை இஸ்திரி போட்டு எங்கள் தோள்பட்டை கழன்றது அவளுக்குத் தெரியவே தெரியாது.

ஒருநாள் அவள் டார்க்கஸைப் பிடித்துக்கொண்டாள். "நீ வந்து மேடையில பேசணும் டார்க்கஸ். நாங்க நூறு பேர் பேசறதும் ஒண்ணு, நீ ஒருத்தி பேசறதும் ஒண்ணு."

"பேசறேம்மா. ஆனா ஊர் பேரு, ஆள் பேரு மட்டும் கேக்கக்கூடாது. என் பிள்ளை அங்க இருக்கு."

"சத்தியமா கேக்க மாட்டேன்."

மூன்று ஊர்களில் நல்லபடியாகவே பேசினாள். நாலாவது ஊர் நூலாலை ஊர். தெற்கத்திப் பருத்தி வராவிட்டால் அந்த ஊரில் அடுப்பு எரியாது. நான் பின்வரிசையில் அவளுடைய மேல்கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பேச ஆரம்பித்ததுமே ஒரு தடியன் எழுந்தான்.

"ஏய், உன் எஜமான் பேரு என்ன? எந்த ஊரு? சொல்லேன் பாப்போம்! பக்கத்துத் தெருவுல துணி துவைக்கிறவளைக் கூட்டிட்டு வந்து நாடகம் போடறாங்கய்யா!"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. ஆம்ஸ்டன் அம்மாளுக்கு முகம் சிவந்துபோயிற்று. டார்க்கஸின் முழங்கையைத் தொட்டு, "ஒரே ஒரு பேரு, டார்க்கஸ். இவங்க வாயை அடைக்க" என்றாள். முன்வரிசையில் இருந்தவர்கள் பிறகு என்னிடம் சொன்னார்கள். பாவி! சத்தியம் பண்ணிய வாய்தானே அது?

டார்க்கஸுக்கு ரோஷம் அதிகம். சவுக்கடியைக்கூடப் பொறுப்பாள், பொய்க்காரி என்றால் பொறுக்க மாட்டாள்.

"நாடகமா? என் முதுகு நாடகமா? கேட்டுக்கோ! ஆலன் லங்க்ஃபோர்ட்! மேரிலாந்துல, ஹெரான் ஓடைக்கு மேற்கால இருக்கு அவன் பண்ணை. என் மக லெட்டி இந்த நிமிஷம் அவன் அடுப்புல சாம்பல் அள்ளிட்டிருக்கா! போய்ப் பாத்துட்டு வந்து சிரி!"

அந்தத் தடியன் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் கைதட்டினார்கள் பாருங்கள், அப்படியொரு கைதட்டல். என் கை மட்டும் மடியிலிருந்த மேல்கோட்டை விட்டு எழவில்லை.

வெளியே வண்டியில் ஏறும்போதுதான் அவளுக்கு உறைத்தது. "கெசையா, நான் என்னடி சொன்னேன்?"

"பேரைச் சொல்லிட்டக்கா."

அன்றைக்கே லெமுவேலைத் தேடிப் பிடித்தோம். பனிக்காலம், படகு எடுக்கிற பருவமே இல்லை. அந்தப் புண்ணியவான் உடனே கிளம்பினான். ஆம்ஸ்டன் அம்மாள் பத்திரிகைக்காரர்களின் வீடு வீடாக ஓடி, பெயரைப் போடாதீர்கள் என்று கெஞ்சினாள். ஆலைக்காரர்களின் பத்திரிகை கேலி செய்வதற்காகவே பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டிருந்தது.

லெமுவேல் தனியாகத்தான் திரும்பினான். கொல்லைக் கதவருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"எனக்கு முன்னாடி பேப்பர் லங்க்ஃபோர்டுகிட்ட போயிடுச்சுக்கா. 'அடடே, அவ சாகலையா'ன்னு சிரிச்சானாம். மறுநாளே ஆள் வாங்குற வியாபாரிகிட்ட புள்ளையைத் தள்ளிவிட்டுட்டான். ஜார்ஜியாங்கறாங்க, அலபாமாங்கறாங்க. யாருக்கும் தெரியல."

டார்க்கஸ் கையிலிருந்த சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லை, அப்போதும் பிழிந்தாள். நான்தான் பிடுங்கி வைத்தேன்.

ஆம்ஸ்டன் அம்மாள் வந்து அழுதாள். நிஜமான அழுகைதான். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை அடுத்த கூட்டத்துல நீ சொல்லணும், டார்க்கஸ். கல்லும் கரையும்" என்றாளே! எனக்கு வந்த ஆத்திரத்தில் துணி அடிக்கிற கட்டையை எடுத்திருப்பேன்.

டார்க்கஸ் அமைதியாக, "வர்றேம்மா" என்றாள்.

ஆம்ஸ்டன் அம்மாள் போனதும் நான் கத்தினேன். "உனக்குச் சூடு சொரணை இருக்கா? பட்டது போதாதா?"

"கூட்டத்துக்குக் கப்பல்காரங்க வருவாங்கடி. தெக்கே சவான்னா துறைமுகம் போறவன், மொபீல் போறவன். எவனாவது ஒருத்தன் கண்ணுல பட மாட்டாளா? பேரை மறைச்சு இனிமே யாரைக் காப்பாத்தப் போறேன்?"

அன்றிலிருந்து ஊர் ஊராகப் போனாள். சவுக்கு, பட்டினி எல்லாம் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாள். பிறகு இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டுவாள். "இவ்ளோ உயரம். இடது காது மடல் கிழிஞ்சிருக்கும். சிரிச்சா வாயைப் பொத்திக்குவா. பேரு லெட்டி. யாராவது பாத்தீங்களா?"

வடக்குக்கும் தெற்குக்கும் சண்டை வந்தது, அடிமைகளுக்கு விடுதலையும் வந்தது. மேடைகள் காலியாயின. அவள் நிறுத்தவில்லை; தெற்கே போகிற மாதா கோயில்காரர்களைத் தேடிப்போய் அவர்களிடம் கையை வைத்துக் காட்டினாள். அதே உயரம். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, லெட்டிக்கு இப்ப முப்பதுக்கு மேல இருக்கும். நீ சின்னப் புள்ளையைக் காட்டினா அவங்க யாரைன்னு தேடுவாங்க?"

என்னை முறைத்தாள். கை இறங்கவில்லை.

"தெரியாதா எனக்கு? வளர்ந்த லெட்டியை நான் பாத்திருந்தாத்தானேடி காட்டுறதுக்கு!"