கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு கதிரை

2009ஆம் ஆண்டு மாசி மாதம். வட லண்டனில், எங்கள் வீட்டுக்குப் பின்தெருவிலிருந்த கால்பந்து மைதானத்தில் நடந்தது இது. சைப்ரஸிலிருந்து குடியேறிய கிரேக்கர்கள் தொடங்கிய சிறிய கழகம் அது. ஆட்டக்காரர்கள் கிழமை நாட்களில் குழாய் திருத்துவார்கள், பஸ் ஓட்டுவார்கள். சனிக்கிழமைகளில் சிறு சம்பளத்துக்கு விளையாடுவார்கள். கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான், பொழுது போகாமல் அங்கே போகப் பழகியிருந்தேன்.

கோல் கம்பத்துக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ், என் வயதுடைய கிரேக்கர் ஒருவர் எப்போதும் இருப்பார். பக்கத்துக் கதிரையில் தன் கோட்டை மடித்து வைத்திருப்பார். எவ்வளவு குளிர்ந்தாலும் அதை எடுத்துப் போடமாட்டார். எங்களுக்குள் நல்ல பழக்கம். "பந்தைக் கண்டாலும் நீங்கள் கிரிக்கெட் மட்டையைத்தான் தேடுவியள்" என்று என்னைச் சீண்டுவார். அவர் பேசியது ஆங்கிலம். நினைக்கும்போது எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சில்தான் கேட்கிறது.

அன்று நல்ல கூட்டம். ஊன்றுகோலோடு ஒருவர் இடம் தேடி நின்றார். நான் அந்தக் கோட்டைத் தூக்கி நண்பரின் மடியில் வைத்துவிட்டு, வந்தவரை உட்காரச் சொன்னேன்.

"அது தம்பியின்ரை இடம்" என்றார் நண்பர்.

"வரட்டும், வந்தால் இவர் எழும்புவார்தானே" என்று சிரித்தேன்.

வந்தவர் சங்கடப்பட்டு வேறிடம் போய்விட்டார். நண்பர் கோட்டைத் திரும்பக் கதிரையில் வைத்து, மெல்லச் சொன்னார். அவருடைய தம்பி இந்தக் கழகத்தின் கோல் காப்பாளராக இருந்தவர். 1974ஆம் ஆண்டு கோடை விடுமுறைக்கு சைப்ரஸுக்குப் போன இடத்தில் சண்டை மூண்டது. அதன் பிறகு ஆளைப் பற்றித் தகவலே இல்லை.

அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். இறந்தவர்களுக்காகக் கோதுமை அவித்து, சீனி கலந்து, எல்லோருக்கும் பகிர்வது அவர்கள் வழக்கம். அவர் மனைவி தவறியபோது எனக்கும் ஒரு கிண்ணம் தந்திருந்தார். "தம்பிக்கும் அதைச் செய்து முடியுங்கோ. இவ்வளவு காலத்துக்குப் பிறகு வருவார் எண்டு நினைக்கிறது நியாயமில்லை" என்றேன். வகுப்பில் கணக்கைத் திருத்துகிற அதே குரலில்.

அவர் எழும்பினார். கோட்டை எடுத்துக்கொண்டு போய், மிச்ச ஆட்டம் முழுவதும் வேலியோரம் நின்றே பார்த்தார். உண்மையைச் சொன்னால் சுடத்தான் செய்யும் என்று எண்ணிக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன்.

வைகாசியில் வன்னியில் யுத்தம் முடிந்தது. என் தம்பி அங்கேதான் இருந்தான். முகாம்களில் விசாரித்தோம்; தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டோம். ஒன்றுமில்லை. ஒருநாள் மைத்துனர் வந்து, "அத்தான், ஆள் இல்லையெண்டு எடுப்பம். கோயிலிலை காரியத்தைச் செய்து முடிச்சால் மனம் ஆறும்" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். எனக்கோ அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும்போல இருந்தது. அவர் வாயிலிருந்து வந்தது என்னுடைய பேச்சு என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது.

ஆவணியில் புதிய பருவத்தின் ஆட்டங்கள் தொடங்கின. "எத்தனை நாளைக்குத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கப்போறியள்? ஒருக்கா மைதானத்துக்குப் போட்டு வாங்கோவன்" என்று மனைவி அனுப்பிவைத்தாள். நண்பர் அதே இடத்தில், பக்கத்தில் கோட்டோடு இருந்தார். முகம் கொடுக்க முடியாமல் கீழ்வரிசையில் உட்கார்ந்தேன்.

அவர் குனிந்து கேட்டார்: "ரீவீயிலை பார்த்தன். உங்கட ஆக்கள் ஆரும்?"

"தம்பி. தகவல் இல்லை."

அவர் கழுத்திலிருந்த கழகத் துண்டைக் கழற்றி, கோட்டுக்கு அடுத்த கதிரையில் விரித்தார். அதற்கடுத்த கதிரையைக் காட்டி என்னை மேலே வரச் சொன்னார்.

"தம்பிக்கு ஃபுட்போல் பிடிக்குமோ?"

"கிரிக்கெட் பைத்தியம்."

"அப்ப ஆட்டம் முடியுமட்டும் புறுபுறுப்பார். பரவாயில்லை, என்ரையாளும் வாய் மூடமாட்டான்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அண்டைக்கு நான்..." என்று தொடங்கினேன். "பந்தைப் பாருங்கோ" என்றார்.

அவர் காலமாகிச் சில வருடங்களாகிவிட்டன. அவருக்காகப் பகிர்ந்த கோதுமையை வாங்கி, ஒரு மணியும் சிந்தாமல் சாப்பிட்டேன். அந்த மன்னிப்பை நான் கடைசிவரை கேட்கவேயில்லை. என் தம்பியைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. காணாமற்போன ஒருவருக்காகக் காத்திருப்பவரைக் கண்டால் இப்போதெல்லாம் நான் புத்தி சொல்வதில்லை; நடுவே ஓரிடம் விட்டு, பேசாமல் அவரோடு உட்கார்ந்திருக்கிறேன்.