மெழுகுச் சட்டியும் ரப்பர் செருப்பும்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் சேசுராஜுக்குக் கரண்டைக் கண்டால் பயமே கிடையாது என்று ஊரே சொல்லும். சும்மா! அவனைப்போலப் பயந்தவன் இந்தத் தாலுகாவில் இல்லை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டான், அவ்வளவுதான்.

பெண்டாட்டி லூர்துமேரி அனந்தபுரத்து வீட்டில் மாதா திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஊற்றுவாள். மெழுகு உருக்கப் பழைய ஹீட்டர் கம்பியைச் சட்டிக்கடியில் பொருத்தி, வோல்டேஜைக் குறைக்கத் தானே ஒரு காயில் சுற்றிக் கொடுத்தான். செம்புக் கம்பியை மிச்சம் பிடிக்கிற புத்தி! தனித்தனியாக இரண்டு சுற்று சுற்றாமல், ஒரே சுற்றாகச் சுற்றி நடுவில் ஒரு முனையை இழுத்துவிட்டான். வோல்டேஜ் குறைந்தது, ஆனால் வீட்டு லைனோடு இருந்த தொடுப்பு அறுபடவில்லை. அன்று காலை சட்டியில் கை வைத்துப் பார்த்தான், ஷாக் அடிக்கவில்லை. "பயப்படாம தொடு" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு வந்துவிட்டான்.

மத்தியானம் அவளிடமிருந்து போன்.

"இன்னாங்க, திருநாள் முடியற வரைக்கும் செருப்பு போட மாட்டேன்னு மாதாவுக்கு நேந்துக்கினேன். தரையக் கழுவிட்டு இப்பதான் மெழுக நீங்க குடுத்த ஹீட்டர்ல வெச்சேன். உருகினா எறக்கணும், போன வெச்சிடறேன்."

சேசுராஜ் குனிந்து தன் காலைப் பார்த்தான். ரப்பர் செருப்பு. காலையில் சட்டியைத் தொட்டபோதும் இதே செருப்புதான்! கம்பி சட்டியில் உரசினால் லைன் கரண்ட் அப்படியே சட்டியில் நிற்கும். ஈரத் தரை, வெறுங்கால்.

திரும்பத் திரும்பப் போன் போட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. வண்டியை முறுக்கினான். எதிரே வருகிறவர்கள் முகத்தைப் பார்க்கவே பயம்; தெரிந்தவன் எவனாவது கை காட்டி நிறுத்திக் கெட்ட சேதி சொல்லிவிடுவானோ? மாதாவே, அவள விட்டுடு, என்னை எடுத்துக்க.

வாசலிலேயே மெயின் ஸ்விட்சை அடித்து இறக்கிவிட்டு உள்ளே ஓடினான். லூர்துமேரி ஈரத் துணியும் கையுமாகச் சட்டியை இறக்கக் குனிந்திருந்தாள்.

"கரண்ட் போச்சா?" என்றாள்.

அவன் அவளை இழுத்து நகர்த்திவிட்டு, கழுவின தரையிலேயே உட்கார்ந்து அழுதான். பிறகு அவளை எட்ட நிற்கச் சொல்லி, ஸ்விட்சைப் போட்டு, சட்டியில் டெஸ்டரை வைத்துக் காட்டினான். டெஸ்டர் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் காயிலைப் பிரித்து எறிந்தான். இரண்டு சுற்றையும் தனித்தனியாகச் சுற்றி, நடுவே தடித்த இன்சுலேஷன் பேப்பர் கொடுத்து, ஃபியூஸ் போட்டு, சட்டிக்கு எர்த்தும் இழுத்தான். இப்போது டெஸ்டர் எரியவில்லை.

"இனிமே ஒண்ணும் இல்ல. தொடு மேரி."

"மொதல்ல நீங்க தொடுங்க," என்றாள் லூர்துமேரி. "செருப்பக் கழட்டிட்டு."

சேசுராஜ் செருப்பைக் கழற்றினான். கண்ணை இறுக மூடிக்கொண்டு சட்டியில் கை வைத்தான். போன தடவை மூடவில்லை.