கல்யாணத்துக்குப் பிறகும் ஓடிய படம்

எங்கள் எதிர் வீட்டு சாந்தி மேரி டீச்சருக்குக் குழப்பம் என்றால் என்னவென்றே தெரியாது என்றுதான் பெரம்பலூரில் எங்கள் தெரு முழுக்க நினைத்திருந்தது. வரதராஜன்பேட்டைக்காரர். வீட்டுக்கொரு வாத்தியார் உள்ள ஊர். அப்பா பார்த்த வாத்தியார் மாப்பிள்ளையை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, சிமெண்ட் லாரி ஓட்டிய அய்யம்பெருமாளைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மாதா கோயிலும் இல்லை, மாரியம்மன் கோயிலும் இல்லை. பிறந்த வீட்டில் பத்து வருஷம் பேச்சுவார்த்தையே கிடையாது. வருத்தமாக இல்லையா என்று யார் கேட்டாலும் டீச்சருக்கு ஒரே பதில்தான்.

"வேங்கி இளவரசி படம் பாத்திருக்கியா? பகை நாட்டுப் பொண்ணு, பகை நாட்டுப் பையன். கடைசியில கல்யாணம் நடக்குதுல்ல?"

அந்தப் படத்தை அரியலூர் தியேட்டரில் மேட்னி ஆட்டம் பார்த்தார்களாம். தோழி வீட்டுக்குப் போவதாக அம்மாவிடம் ஒரு பொய். கல்யாணக் காட்சி வந்ததும் பஸ் போய்விடும் என்று அய்யம்பெருமாள் எழுப்ப, இருவரும் ஓடினார்களாம். பஸ் வரத் தாமதமாம். நின்ற இடத்திலேயே, "சரி, உங்களையே கட்டிக்கிறேன்" என்று டீச்சர் சொன்னாராம். கேட்டுக் கேட்டு இது எங்களுக்கெல்லாம் மனப்பாடம்.

போன மாதம் அந்தப் பழைய படத்தைப் புதுப்பித்து டிவிடியாக வெளியிட்டார்கள். சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஜெனிதா வாங்கி அனுப்பினாள். பரணில் கிடந்த பிளேயரை மாட்டிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். அய்யம்பெருமாள் அண்ணன் இப்போது மாவு மில் வைத்திருக்கிறார். "மில்லுல ஆளு காத்துக் கெடக்கும்" என்று நழுவப் பார்த்தவரை டீச்சர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

கல்யாணம் நடந்தது. மேளம் கொட்டியது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட எழுந்தார். படம் முடியவில்லை. இளவரசி திடுக்கிட்டு விழித்தாள், கண்டதெல்லாம் கனவு. இளவரசன் போர்க்களத்தில் செத்துக் கிடந்தான். அவள் நேராகப் போய் ஆற்றில் இறங்கினாள். தலை மூழ்கிய பிறகுதான் 'வணக்கம்' போட்டார்கள்.

"என்ன தம்பி இது, வேற படத்தைக் கொண்டாந்து ஒட்டிட்டானுவளா?"

"அதே ஆளுங்கதான் டீச்சர்."

"அப்ப இப்பத்தான் கம்ப்யூட்டர்ல எதையோ செஞ்சிருக்கானுவ."

டிவிடி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசிக் காட்சியை மறுபடி போடச் சொன்னார். இளவரசி மறுபடியும் செத்தாள். நானே பிடித்துத் தள்ளியது போல எனக்குச் சங்கடமாகிவிட்டது. அப்போதுதான் டீச்சர் தன் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னங்க, நீங்க ஏன் வாயே தொறக்க மாட்டேங்கிறீங்க?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "எனக்குத் தெரியும் மேரி. மொத நாளே தனியா போயி பாத்துட்டேன். உன்னைக் கூட்டிட்டுப் போறோமே, நல்ல படமான்னு பாக்கத்தான் போனேன். ஆனா நீ அதுக்குள்ள படத்துக்கு வரேன்னு சொல்லிட்ட."

"அப்ப பஸ்ஸு?"

"பஸ்ஸு லேட்டே இல்ல. அது வர நேரத்துக்குத்தான் வந்துச்சு."

டீச்சருக்கு வந்தது கோபமா அழுகையா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கே புரிந்த மாதிரியும் தெரியவில்லை. "பத்து வருஷம் எங்கம்மா எங்கிட்ட பேசல. முக்காப் படத்தைப் பாத்துட்டா நான் வந்தேன்?" என்றார். நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, போவதா இருப்பதா என்று தெரியாமல் விழித்தேன்.

அண்ணன் மெதுவாகக் கேட்டார். "முழுசா பாத்திருந்தா என்னைக் கட்டியிருக்க மாட்டியா?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் டீச்சர் முந்தானையை விரலில் சுற்றினார்.

"தெரியலைங்க," என்றார். "சத்தியமா தெரியலைங்க."

"எனக்கும் அன்னைக்குத் தெரியல மேரி," என்றார் அண்ணன். "அதனாலதான் எழுப்புனேன்."