ஐம்பத்தாறு முறை எழுதிய ‘இல்லை’

பச்சைத்துணியக்கா பிறந்தது 1949ஆம் ஆண்டு. மறைந்தது 2021ஆம் ஆண்டு. முப்பத்தோராண்டுகள் ஒரு மருத்துவமனையின் அறுவைக்கூடத்தில் செவிலியாக இருந்தவர். ஓய்வுபெற்ற மறுமாதமே வீட்டின் பின்னறையைக் காலி செய்து, அடிபட்ட பறவைகளுக்கும் தாயிழந்த அணில், வௌவால் குட்டிகளுக்கும் ஒதுக்கினார். அறுவைக்கூடத்துப் பச்சைத் துணியிலேயே தமக்கு முகமூடியும் தைத்துக்கொண்டார். பெயர் அப்படி வந்தது.

அவருடைய முறை கண்டிப்பானது. பறவைக் குஞ்சு மனித முகத்தைப் பார்க்கக் கூடாது. மனிதக் குரலைக் கேட்கக் கூடாது. பழகிவிட்டால் மனிதரையே தாயென்று நம்பும். வெளியே விட்டால் முன்பின் தெரியாத எவருடைய தோளையோ தேடிப் போய்க் கல்லடிபட்டுச் சாகும். ஆகவே அவரது குறிப்பேட்டில் நாள், எடை, தீனி ஆகியவற்றுக்கு அடுத்து ‘குரல்’ என்றொரு கட்டம் இருந்தது. ஒவ்வொரு முறை ஊட்டியதும் அதில் ‘இல்லை’ என்று எழுதிய பிறகே கை கழுவுவார்.

நாளடைவில் அந்த மௌனம் பின்னறையைத் தாண்டிச் சமையலறைக்கும் வந்துவிட்டது. கணவரை இழந்து, 2012இல் அவருடன் வந்து தங்கிய தங்கைக்கு அது பெரும்பாடாயிற்று. தையல் தொழில் செய்தவர். ஊசியைவிட வேகமாக வாய் ஓடும்.

“உங்க வீட்டுக்கு வந்தா பறவைக்குக்கூட வாய்ப்பூட்டு போட்டுடுவீங்க போலிருக்கே!” என்று கேலி செய்வார், காயம்பட்டவற்றைக் கொண்டுவந்து தரும் கால்நடை மருத்துவர்.

“பூட்டு எனக்கும் சேத்துத்தான் டாக்டர். அதுக்காவது ரெக்கை முளைச்சா விடுதலை” என்பார் தங்கை.

அக்கா காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

2016 ஏப்ரல் 3 அன்று, வெட்டிச் சாய்த்த மரத்திலிருந்து விழுந்த பருந்துக் குஞ்சு ஒன்று வந்தது. தங்கை பழைய கம்பளியில் பருந்துத் தலைபோல ஒரு கையுறை தைத்துத் தந்தார். அலகுக்குக் கறுப்புத் தோல், கண்ணுக்குப் பொத்தான். அதை மாட்டிக்கொண்டுதான் அக்கா இறைச்சித் துணுக்குகளை ஊட்டினார்.

மூன்றாம் வாரத்தில் அக்காவுக்குக் கண்புரை அறுவை நடந்தது. பதினான்கு நாள் குனியவோ தூசியில் நிற்கவோ கூடாது என்றார்கள். அதுவரை யாரிடமும் கொடுத்தறியாத பின்னறைச் சாவியைத் தங்கையின் கையில் வைத்தார்.

“ஒரு வார்த்தை கூடாதுடி. இருமல் வந்தாக்கூட வெளிய வந்து இருமு.”

“தும்மல் வந்தா என்ன பண்றதுக்கா, முழுங்கிடவா?”

“முழுங்கு.”

பதினைந்தாம் நாள் குறிப்பேட்டைப் பார்த்தார். நாளொன்றுக்கு நான்கு வேளை. ஐம்பத்தாறு கட்டங்களிலும் முத்து முத்தாக ‘இல்லை’. அக்காவுக்கு மனம் குளிர்ந்தது. “உன்னை நம்பினது வீண் போகலடி” என்றார். தங்கை எழுந்துபோய்த் தையல் இயந்திரத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

ஜூலை 17 காலை, ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தில் பெட்டியைத் திறந்தார்கள். பருந்து எழும்பி இரண்டு வட்டம் போட்டது. மருத்துவர் கைதட்டினார். மூன்றாம் வட்டத்தில் அது தாழ்ந்து, முகமூடியுடன் நின்ற அக்காவைக் கடந்து, தங்கையின் தோளில் வந்து அமர்ந்து, காதோர முடியை அலகால் கோதியது.

மருத்துவர் முகத்தில் ஈயாடவில்லை.

“எப்பலேருந்து?” என்று கேட்டார் அக்கா.

“உனக்குக் கண் ஆபரேஷன் ஆனப்போ. முகமூடிய எடுத்துட்டேன். அப்புறம் நீ கடைக்குப் போறப்பெல்லாம் ஜன்னல் வழியா.”

“என்ன பேசின?”

“எல்லாந்தான். அவரு போனது, என் முட்டிவலி... தலையைச் சாய்ச்சுக் கேக்கும்க்கா. உன்கிட்ட பேசினா சுவத்துக்கிட்ட பேசற மாதிரி.”

“பேசினதுகூடப் போகட்டும். ஐம்பத்தாறு தடவை இல்லைன்னு எழுதினியே. கை கூசலையாடி?”

 தங்கையின் தோளில் பருந்து குழைந்து குழைந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பறவைக்கு இனி வானமில்லை என்று மருத்துவர் கைவிரித்தார். உயிர்க்காட்சிச்சாலைக் கூண்டொன்றில் இடம் வாங்கித் தந்தார். மீதமிருந்த இரண்டு அணில்களையும் அக்கா அவரிடமே ஒப்படைத்தார். “அந்தக் கட்டத்துல இருக்கறத இனிமே நான் எப்படி நம்பறது?” என்பதற்கு மேல் அவர் விளக்கவில்லை. பிறகு எந்தக் குஞ்சும் அவ்வீட்டுக்கு வரவில்லை. அக்காவும் தங்கையும் ஒரே கூரையின்கீழ்தான் இருந்தார்கள். தங்கை பரிமாறுவார், அக்கா உண்பார், தட்டைத் தாமே கழுவி வைப்பார்.

நான்காண்டுக்கு மேலாயிற்று. ஒருநாள் அக்கா பச்சை முகமூடியை மடித்தெடுத்துக்கொண்டு தனியே உயிர்க்காட்சிச்சாலைக்குச் சென்றார். அதை மாட்டிக்கொண்டு கூண்டின்முன் வாய் திறக்காமல் ஒரு மணி நேரம் நின்றார். பருந்து கம்பிவரை வந்தது, அவருக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று பார்த்தது, திரும்பிப் போய்விட்டது.

“என்னைத் தேடுச்சாக்கா?” என்று, அவர் கையிலிருந்த முகமூடியைப் பார்த்து வாசலிலேயே கேட்டார் தங்கை.

அக்கா உள்ளே போனார். பழைய குறிப்பேட்டைத் தேடியெடுத்து, ஐம்பத்தாறு பொய்களும் இருந்த பக்கங்களைப் புரட்டிக் கடந்து, கடைசி வரியின் கீழே நாளைக் குறித்தார். எடை, தீனிக் கட்டங்களை வெறுமையாக விட்டார். ‘குரல்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டுக் கை கழுவினார். அது 2021 பிப்ரவரி 6.